ஏற்காட்டு மேசையில் இத்தாலி ஒயின்: சின்ன ஊர் ஓட்டல்கள் தயாரிப்பாளர்களோடு உறவு வளர்க்க முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் முப்பத்திரண்டு அறைகள் உள்ள ஒரு ஓட்டலின் உணவகத்தையும் பாரையும் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு மேசைகள். ஒயின் பட்டியலில் இப்போது ஒன்பது இத்தாலி ஒயின்கள், அதில் நான்கைச் செய்கிற குடும்பங்களோடு நேரடியாகக் கடிதப் பழக்கம் உண்டு, ஒரு குடும்பம் இங்கேயே வந்து நாலு நாள் தங்கி காப்பித் தோட்டமெல்லாம் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. குன்னூரிலும் கொடைக்கானலிலும் இதே வேலையில் இருக்கிற நண்பர்கள், "மாசம் ரெண்டு கேஸ் எடுக்கிற உங்களுக்கு அவங்க எப்படிங்க பதில் போடுறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். மலையில் திராட்சை வளர்க்கிற ஒரு குடும்பம் பாட்டிலை லாரியில் ஏற்றி அனுப்பியதோடு அதைப் பற்றி எந்தச் சேதியும் அவர்களுக்குத் திரும்பி வருவதில்லை. யார் குடித்தார்கள், எந்தச் சாப்பாட்டோடு குடித்தார்கள், பிடித்ததா, மீதி வைத்தார்களா, ஒன்றும் தெரியாது. ஆயிரம் கேஸ் வாங்குகிற பெரிய நகரத்து ஓட்டலுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்ப நேரம் இருக்காது. நமக்கு இருக்கிறது. சின்ன ஊர் ஓட்டல் தரக்கூடிய மதிப்பான பொருள் அந்தச் சேதிதான்.

முதல் படி: உங்கள் லைசென்ஸ் எதை அனுமதிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், ராஜாஜி ஆட்சியில், 1937 அக்டோபரில். அந்த வரலாறு உள்ள மண்ணில் இந்தத் தொழிலைச் செய்கிறோம், அதனால் விதியை எழுத்து மாறாமல் பின்பற்றுவதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனை 1983-லிருந்தும், சில்லறை விற்பனை 2003-லிருந்தும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அறைகளோடு கூடிய ஓட்டலுக்கு எஃப்.எல்.3 லைசென்ஸ், கிளப்புக்கு எஃப்.எல்.2 லைசென்ஸ். சேலம் ஃபைவ் ரோட்ஸ் பக்கம் அழகாக ஒரு இத்தாலி உணவகம் திறந்திருக்கிறேன், ஒயினும் வைக்கலாமா என்று கேட்டால், லைசென்ஸ் இல்லாமல் முடியாது, விருந்தாளியே கொண்டுவந்ததற்குக் கோப்பை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

லைசென்ஸ் இருந்தாலும் இத்தாலியிலிருந்து நீங்களே நேரடியாக வரவழைக்க முடியாது. தயாரிப்பாளர் இந்தியாவில் உள்ள இறக்குமதியாளருக்கு விற்கிறார், அவர் சுங்கம் கட்டி, உணவுப் பாதுகாப்புத் துறையின் லேபிள் விதிகளுக்கு ஏற்ப எல்லாம் ஒட்டி, மாநிலத்தில் பிராண்டைப் பதிவுசெய்து கொண்டுவருகிறார், நமக்கு டாஸ்மாக் வழியாகச் சரக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் யாரையும் தாண்டிக் குதிக்க வழியில்லை, தேடவும் வேண்டாம்.

விலைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வெளிநாட்டு ஒயினுக்கு நான் கணக்குப் போட்டுப் பழகிய சுங்க வரி 150 சதவீதம். தோட்டத்தில் 6 யூரோ விலையுள்ள பாட்டில், கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்க்காமலே, வரியோடு 15 யூரோ ஆகிவிடுகிறது. அதன்மேல் மாநில வரி, இறக்குமதியாளர் லாபம், நம் லாபம். வரி மாறக்கூடிய விஷயம், அதனால் ஒவ்வொரு முறையும் அன்றைய நிலவரத்தை இறக்குமதியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துவைத்திருந்தால் தயாரிப்பாளர் "என் ஒயினை உங்கள் ஊரில் ஏன் இவ்வளவு விலைக்கு விற்கிறீர்கள்?" என்று மனம் வருந்திக் கேட்கும்போது (கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள்) நிதானமாக விளக்க முடியும்.

இரண்டாம் படி: பாட்டிலைத் தேடும் முன் உங்கள் அடுப்பைப் பாருங்கள்

பெரும்பாலான ஓட்டல்கள் தவறுவது இங்கேதான். பெயர்போன பாட்டில்களாகப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள், சமையலறையில் வேறு ஏதோ நடக்கிறது. நான் ஆரம்பித்தபோது இத்தாலியின் பெயர்போன சிவப்பு ஒயின்களான பரோலோ வேண்டும், புருனெல்லோ வேண்டும் என்றுதான் நின்றேன். பரோலோ பெரிய ஒயின், சந்தேகமே இல்லை. அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தால்தான் அந்தப் பெயரோடு வெளியே வர முடியும். ஆனால் அதில் துவர்ப்பு அதிகம், ஆல்கஹாலும் அதிகம், அந்த இரண்டும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும். பள்ளிபாளையம் சிக்கனோடு ஒரு வாய் பரோலோ குடித்துப் பாருங்கள், நாக்கில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும், ஒயினும் வீண், சிக்கனும் வீண்.

சரி, நம் சாப்பாட்டுக்கு என்ன போகும்? நான்கைந்து வருடம் சமையல்காரரும் நானும் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ருசி பார்த்துக் கண்டுபிடித்தவை இவை.

லம்ப்ருஸ்கோ. எமிலியா பகுதியின் நுரைக்கிற சிவப்பு ஒயின், குளிரவைத்துக் குடிப்பது. அங்கே பன்றி இறைச்சியோடும் கொழுப்பான சாப்பாட்டோடும் அன்றாடம் குடிப்பார்கள். இங்கே மட்டன் சுக்காவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. கொழுப்பை நுரை கழுவிவிடும், குளிர்ச்சி காரத்தை அடக்கும். சோர்பாரா வகை வெளிர் நிறம், புளிப்பு தூக்கல். கிராஸ்பரோஸா வகை கருஞ்சிவப்பு, கனம். பள்ளிபாளையத்துக்கு இரண்டாவது.

மொஸ்காத்தோ தாஸ்தி. பியெமோந்தேவிலிருந்து வருவது, இனிப்பு, மெல்லிய நுரை, ஆல்கஹால் 5 சதவீதம் அளவுதான். ஒயினே குடித்துப் பழகாதவர்களுக்கு இதைத்தான் முதலில் ஊற்றிக் கொடுப்பேன். சேலத்து மல்கோவா வருகிற மே, ஜூனில் பழத்தோடு கொடுத்தால் இன்னொரு கோப்பை கேட்காதவர்கள் குறைவு. இதை வாங்கி வருடக்கணக்காக வைக்காதீர்கள், இளசாக இருக்கும்போதே குடிக்க வேண்டிய ஒயின் இது.

வெர்திக்கியோ. மார்க்கே பகுதியின் வெள்ளை. மேட்டூர் அணை மீனை மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்து எலுமிச்சை பிழிந்து கொடுப்போமே, அதற்கு. கடைசியில் ஒரு சின்னக் கசப்பு வரும், பாதாம் பருப்பின் தோலைக் கடித்த மாதிரி, அது பொரித்த மீனுக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

புரோசெக்கோவும் தட்டுவடை செட்டும். சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள். மொறுமொறுப்பு, காரச் சட்னி, துருவிய பீட்ரூட்டின் இனிப்பு, அதோடு குளிர்ந்த நுரை ஒயின். எங்கள் மாலை நேர மேசையில் அதிகம் போவது இதுதான், இதைப் பற்றி எழுதியபோதுதான் புரோசெக்கோ விளைகிற வெனெத்தோவிலிருந்து எனக்கு முதல் முறையாக இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது.

பரோலோ மேல் ஆசை விடவில்லை என்றால் அதே நெபியோலோ திராட்சையில் செய்த லாங்கே நெபியோலோவைப் பாருங்கள். விலையும் குறைவு, சீக்கிரம் குடிக்கலாம். தோட்டத்து மிளகை மட்டும் போட்டு, மிளகாயே இல்லாமல் வறுத்த ஆட்டுக்கறிக்கு அது போகும். மிளகின் காரமும் மிளகாயின் காரமும் ஒயினிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, ஒயின், திராட்சை விளைந்த வருடம், என்ன சாப்பாடு, எப்படி இருந்தது. நம் ஊரில் ஒயின்ஷாப் என்று கேட்டால் பிராந்திக் கடையைக் காட்டுவார்கள், திராட்சை ஒயின் என்றால் என்ன என்று நம் விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு நாம்தான் முதலில் சொல்லப்போகிறோம். அதனால் இந்த நோட்டு உங்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி, பின்னால் கடிதம் எழுத உட்காரும்போது சரக்கும் இதிலிருந்துதான் வரும்.

மூன்றாம் படி: யாரோடு உறவு வைப்பது

இத்தாலியின் 20 மாநிலங்களிலும் திராட்சை விளைகிறது. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள ஆயுள் போதாது. மூன்று அல்லது நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது இதைத்தான்: ஏற்கெனவே இந்தியாவுக்கு வருகிறவர்களாக இருக்க வேண்டும். ஒரு அபூர்வமான சின்னத் தோட்டத்தை இணையத்தில் பார்த்து மயங்கி, அதை இங்கே கொண்டுவரச் சொல்லி இறக்குமதியாளரை நச்சரித்துப் பயனில்லை, பதிவுச் செலவே அவருக்குக் கட்டாது. ஒரு பேலட்டில், அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் ஒரு மரத்தட்டில், ஏறக்குறைய 600 பாட்டில் வரும். நீங்கள் ஒருவரே எத்தனை வருடத்தில் விற்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இறக்குமதியாளர்களின் பட்டியல்களை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கிற குடும்பத் தோட்டங்களைத் தேடுங்கள்.

லேபிளில் 'இம்பொத்தில்யாத்தோ அல்லோரிஜினே' என்று இருந்தால் விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். 'ஃபிவி' என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற தனித் திராட்சை விவசாயிகளின் கூட்டமைப்பு 2008-ல் தொடங்கியது, சொந்தத் திராட்சையை வளர்த்து, தாங்களே ஒயின் செய்து, தாங்களே அடைக்கிறவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்கள் முத்திரை இருக்கிற பாட்டிலுக்குப் பின்னால் கடிதத்தைப் படிக்க ஒரு மனிதர் இருப்பார் என்று நம்பலாம். கூட்டுறவுச் சங்கங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். பால் சங்கம் மாதிரி நூற்றுக்கணக்கான விவசாயிகள் சேர்ந்து நடத்துகிறவை, சில மிக நல்ல ஒயின் செய்கின்றன, உதாரணத்துக்கு பர்பரெஸ்கோ ஊரில் 1958-ல் தொடங்கிய சங்கத்தின் பெயர் உலகமெங்கும் தெரியும்.

அப்புறம், மலைத் தோட்டமாக இருந்தால் எனக்குக் கூடுதல் ஆர்வம். சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் 1,000 மீட்டர் உயரம் வரை திராட்சை இருக்கிறது, கருங்கல் அடுக்கிய படிக்கட்டு நிலம். நாம் 1,500 மீட்டரில் காப்பியும் மிளகும் வளர்க்கிற ஊர்க்காரர்கள். சரிவில் கூலியாள் கிடைக்காதது, மண் அரிப்பு, மழை தப்பினால் ஒரு வருடமே போவது, இதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பேச்சு தானாக ஓடும்.

நான்காம் படி: இறக்குமதியாளரைக் கண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்

தயாரிப்பாளரோடு உறவு என்று எழுதிவிட்டு இறக்குமதியாளரைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், அவர் இல்லாமல் அந்த உறவே இல்லை. பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கிற அவருடைய விற்பனையாளருக்கு சேலம் என்பது மாதத்துக்கு ஒருமுறை போன் செய்யும் இடம், ஏற்காடு அதைவிடத் தூரம். அதை மாற்ற மூன்று பழக்கங்கள் போதும். பணத்தைச் சொன்ன தேதியில் கட்டுங்கள். வருடத்துக்கு எவ்வளவு எடுப்பீர்கள் என்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுங்கள், சின்ன எண்ணாக இருந்தாலும் சரி. மூன்றாவது, தயாரிப்பாளருக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் அவருக்கு அனுப்புங்கள். இந்த மூன்றாவதை நான் முதலில் செய்யவில்லை, நான் ஏதோ அவருக்குப் பின்னால் விலை பேசுகிறேன் என்று அவர் நினைத்து ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. அவர் நினைத்ததில் தவறே இல்லை. தயாரிப்பாளரிடம் விலை கேட்காதீர்கள், ஒருபோதும்.

தனியாக ஒரு கேஸ் கேட்டால் கிடைக்காதது நாலு ஓட்டல் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். நாங்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கிற இரண்டு ஓட்டல்களோடு பேசி, ஒரே லம்ப்ருஸ்கோவைப் பட்டியலில் வைத்தோம். ஆர்டர் அவரவர் லைசென்ஸில், அவரவர் கணக்கில்தான். ஆனால் மூன்று மலைகளிலும் அது ஓடும் என்று தெரிந்ததால் இறக்குமதியாளர் தைரியமாக அடுத்த முறையும் கொண்டுவந்தார்.

ஐந்தாம் படி: முதல் கடிதம்

எப்போது எழுதுவது என்பது பாதி வெற்றி. ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம், கடை மூடியிருக்கும் நாள். இத்தாலியர்களுக்கு அன்று ஃபெர்ரகோஸ்தோ என்ற விடுமுறை நாள், அந்த மாதம் முழுக்கவே நாடு விடுமுறையில் இருப்பது போலத்தான். செப்டம்பரும் அக்டோபரும் அறுவடை, யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. ஏப்ரலில் வெரோனாவில் வினித்தாலி என்ற ஒயின் கண்காட்சி, அதற்கு முந்திய வாரங்களில் எழுதினால் குவியலில் காணாமல் போகும். டிசம்பர் கடைசி வாரம் பண்டிகை. ஆக நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை ஒரு வாய்ப்பு, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை இன்னொன்று. ஜனவரியில் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருப்பார்கள், மாலை இருட்டிய பிறகு வீட்டில் இருப்பார்கள்.

சாதாரண ஆங்கிலம் போதும், மூன்று சின்னப் பத்தி. வாழ்த்தை மட்டும் இத்தாலியில் எழுதுங்கள். அவர்கள் மொழியிலும் நம்மைப் போல மரியாதைப் பன்மை மாதிரி ஒன்று உண்டு: முதல் பழக்கத்தில் 'லேயி', நெருங்கிய பிறகு 'து'. நீங்கள் என்பதும் நீ என்பதும் போல. அவர்களாக 'து'வுக்கு மாறும்வரை காத்திருங்கள்.

நான் எழுதியதில் ஒன்றைத் தமிழில் தருகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"அன்புள்ள குடும்பத்தாருக்கு வணக்கம். தென்னிந்தியாவில் சேர்வராயன் என்ற மலையில், 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஓட்டல் இருக்கிறது. பதினோரு மேசைகள். அக்டோபரிலிருந்து உங்கள் வெர்திக்கியோவைக் கொடுக்கிறோம், மூன்று மாதத்தில் 19 பாட்டில் திறந்திருக்கிறோம். மலைக்குக் கீழே காவிரி அணையில் பிடிக்கிற மீனை மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரிப்போம், அதோடுதான் கொடுக்கிறோம். பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது, மிகவும் குளிராகக் கொடுத்தபோது மட்டும் வாசனை அடங்கிவிடுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். உங்கள் வீட்டில் இதை எவ்வளவு குளிரில் குடிப்பீர்கள், என்ன சமைப்பீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் சமையல்காரரும் நானும் எங்கள் மேசையின் படத்தை இதோடு வைத்திருக்கிறோம்."

கவனியுங்கள், இதில் இலவசப் பாட்டில் கேட்கவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை, "உங்கள் ஒயின் அற்புதம்" என்ற புகழ்ச்சியும் இல்லை. 19 என்ற எண் சின்னதுதான், அதைச் சொல்லக் கூச்சப்படவேண்டாம், வட்டமாக்கி இருபது என்றும் எழுதவேண்டாம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் அவர்கள் வீட்டுக்குள் இருந்துதான் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பத்துக் கேள்வி கேட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பதில் வராவிட்டால்? ஒரு மாதம் கழித்து இன்னொரு சேதியோடு எழுதுங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: பாட்டில் உங்கள் கைக்கு வந்த பிறகு

பியெமோந்தேவில் ஒருவர் மூன்று வருடம் பாதாள அறையில் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை நாம் மூன்று மணி நேரத்தில் கெடுத்துவிட முடியும். எனக்கு நடந்தது. ஒரு மே மாதம், சரக்கு ஏற்றிவந்த டெம்போ டிரைவருக்கு அவசர வேலை வந்து சேலத்திலேயே பகல் முழுக்க வெயிலில் நின்றுவிட்டது. மேலே வந்து பெட்டியைப் பிரித்தபோது நாலு பாட்டிலில் தக்கை வெளியே எட்டிப் பார்த்தது, திறந்தால் வேகவைத்த பழத்தின் வாசனை. அந்தக் கேஸ் முழுவதையும் நாங்கள் பரிமாறவில்லை.

அதிலிருந்து நான் மாற்றிக்கொண்டவை: மார்ச் முதல் ஜூன் வரை கீழேயிருந்து எடுக்கும் சரக்கு விடியற்காலையில்தான் மலை ஏறும். வெயில் ஏறுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிவிட வேண்டும். வண்டியில் மூட்டைச் சாக்கு, தெர்மோகோல், மேலே தார்ப்பாய். பாட்டில்கள் படுக்கவைத்தபடி, நெருக்கமாக. வந்ததும் இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள், வளைவுகளில் குலுங்கியது அடங்கட்டும்.

ஏற்காடு குளிர் ஊர்தானே, சும்மா அறையில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரவு குளிர், பகல் வெயில் என்று ஏறி இறங்குவதுதான் ஒயினுக்கு ஆகாது. வடக்குப் பார்த்த, ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை, 12 முதல் 16 டிகிரிக்குள் மாறாமல் இருக்கும்படி ஒரு சின்ன ஏசி, வெப்பமானி ஒன்று, தினம் இரண்டு வேளை எழுதிவைக்க ஒரு அட்டை. அந்த அட்டையின் படத்தை தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். எங்கள் மேல் நம்பிக்கை வந்தது அதைப் பார்த்துத்தான் என்று சிசிலிக்காரர் ஒருவர் பின்னால் நேரிலேயே சொன்னார்.

ஏழாம் படி: பரிமாறுகிறவர்கள்

எங்கள் பையன்கள் பெரும்பாலும் மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் காப்பிப் பழம் பறித்து, பல்பரில் போட்டுத் தோல் நீக்கி, களத்தில் காயவைத்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஒயின் பாடம் எடுக்கும்போது புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை, காப்பியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிழல் அதிகமான காட்டுப் பழத்துக்கும் வெயில் பட்ட பழத்துக்கும் ருசி வேறு என்று அவர்களுக்கே தெரியும், புளிக்கவைக்கும்போது ஒரு மணி நேரம் கூடினால் என்ன ஆகும் என்றும் தெரியும். இதே கதைதான் திராட்சையிலும் என்றதும் பிடித்துக்கொள்கிறார்கள். மேசைக்குப் போய், "சார், இது மலைத் தோட்டத்து ஒயின், எங்க ஊர் மாதிரியே சரிவுல விளையுறது, மட்டனோட நல்லா இருக்கும்" என்று அவர்கள் சொல்வதை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுக்கொடுக்க முடியாது.

கோப்பைக் கணக்கு எளிது: 750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கோப்பை. குடித்துப் பழகாத ஊரில் முழுப் பாட்டில் கேட்கத் தயங்குவார்கள், கோப்பையாகக் கொடுத்தால்தான் ஓடும். திறந்ததை மூடி குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், மீந்தால் சமையலுக்கு.

எட்டாம் படி: தொடர்ந்து எழுதுவது

உறவு நிலைப்பது முதல் கடிதத்தில் இல்லை, ஏழாவது கடிதத்தில். வருடத்துக்கு மூன்று முறை எழுதுகிறேன்: பொங்கலுக்கு ஒன்று, கோடை விழா முடிந்து ஜூனில் ஒன்று, அவர்கள் அறுவடை முடிந்த நவம்பரில் ஒன்று. எத்தனை பாட்டில் போனது, எந்த வருடத்து ஒயின், எந்தச் சாப்பாட்டோடு, விருந்தாளி சொன்ன நல்லது கெட்டது இரண்டும்.

பாட்டில் கெட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கைக் கோளாறு, யார் தப்பும் இல்லை. தக்கையின் படம், லேபிளில் 'எல்' எழுத்தோடு வருகிற தொகுதி எண், திறந்த தேதி, எப்படி வைத்திருந்தீர்கள் என்ற விவரம், நாலு வரி. கோபமாக எழுதாதீர்கள், ஈடும் கேட்காதீர்கள், அதை இறக்குமதியாளர் பார்த்துக்கொள்வார். நான் அப்படி எழுதிய ஒருமுறை, அவர்கள் தங்கள் வீட்டில் அதே தொகுதியில் ஆறு பாட்டில் திறந்து பார்த்துவிட்டுப் பதில் போட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டாகிராமில் எங்கள் பாட்டிலின் படத்தைப் போட்டு எங்களை டேக் செய்யுங்கள் என்று பல தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். மது விளம்பரத்துக்குத் தடை உள்ள மாநிலம் நம்முடையது. இதை முதல் வருடமே விளக்கிவிடுங்கள், படத்தைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். நான் ஆர்வமில்லாமல் இருக்கிறேன் என்று ஒருவர் தவறாக நினைத்து வருத்தப்பட்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

ஒன்பதாம் படி: கெட்ட வருடங்களில் பக்கத்தில் நில்லுங்கள்

2023 வசந்தத்தில் இத்தாலியின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் மழை விடவே இல்லை, பெரோனோஸ்போரா என்கிற பூஞ்சை நோய் திராட்சையைத் தின்றுவிட்டது, கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயிகள் அடிச்சாம்பல் நோய் என்று சொல்வார்களே, அதுதான். அப்ருட்ஸோவில் அடி பலமாக விழுந்தது. அந்த மாதிரி வருடத்தில் "உங்களுக்கு இந்த முறை பாதிதான் தர முடியும்" என்று சேதி வரும். வேறு பிராண்டுக்கு மாறுவது சுலபம். மாறாதீர்கள். பாதியை வாங்கிக்கொண்டு, பட்டியலில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, ஏன் காலி என்று பையன்களை விருந்தாளிகளிடம் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் வந்து இலையெல்லாம் கொட்டிய வருடங்களைப் பற்றி நான் அவர்களுக்கு எழுதினேன். ஆறுதல் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மறுவருடம் நாங்கள் கேட்காமலே எங்கள் பெயரில் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பத்தாம் படி: போவதும் வரவழைப்பதும்

வினித்தாலிக்கு ஒருமுறை போகலாம், 1967-லிருந்து நடக்கிற பெரிய சந்தை, ஆனால் ஏப்ரல் நடுவில் வருவதால் நமக்குச் சித்திரை விடுமுறைக் கூட்டம் ஆரம்பிக்கிற நேரம், ஓட்டலை விட்டுப் போவது கஷ்டம். ஃபிவி கூட்டமைப்பு நவம்பரில் பொலோன்யாவில் நடத்துகிற சந்தை நமக்கு வசதி, மேசைக்குப் பின்னால் விவசாயியே நிற்பார். போனால் எல்லா மேசைக்கும் ஓடாதீர்கள், எழுதிப் பழகிய நாலு பேரைப் பார்த்தால் போதும். நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்பளிப்பு என்ன கொண்டுபோவது என்று கேட்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து இந்த மலையில் காப்பி இருக்கிறது, ஆனால் அது எங்கே விளைகிறது என்று இத்தாலியில் யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லத் தெரிந்த ஒரு தோட்டத்திலிருந்து வறுத்த அரபிகா அரைக் கிலோ, கூடவே ஒரு எவர்சில்வர் பில்டரும் டவரா செட்டும். டிகாஷன் எப்படி இறக்குவது என்று ஒரு தாளில் படம் போட்டு வையுங்கள். பியெமோந்தேவின் லாங்கேவில் ஒரு பாட்டி தினம் மத்தியானம் அந்த பில்டரில்தான் காப்பி போடுகிறார் என்று பேரன் எழுதினான்.

அவர்களை வரவழைப்பதாக இருந்தால் டிசம்பர் கடைசியோ ஜனவரியோ. அவர்கள் கொடி ஓய்வில் இருக்கும், நம் காப்பி பறிப்பில் இருக்கும். வந்தவர்களை முதல் நாளே ஒயின் மேசையில் உட்காரவைக்காதீர்கள், காலையில் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பழம் பறிக்கிறவர்களோடு நிற்கவிடுங்கள். எங்களிடம் வந்த அந்தக் குடும்பத்து அப்பா கூடையை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பறித்தார், பறிக்கிற அக்காமார்கள் அவர் பச்சைக்காயைச் சேர்த்துப் பறித்ததற்குத் திட்டினார்கள், மொழி தெரியாமலே அவருக்குப் புரிந்தது. மதியம் இலை போட்டு அரிசிபருப்பு சாதம், பொரித்த மீன், அவருடைய வெர்திக்கியோ. ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு வாய் குடித்து, "அடுத்த வருடம் இதைக் கொஞ்சம் தாமதமாக அடைக்கிறேன்" என்றார்.